ஏரி மீனுக்கு உரியவர் யார்?

"ஐயா, மழையோடு வந்த விரால் மீன் யாருக்குச் சொந்தம்?"

வகுப்பிலே எழுந்து நின்று இவ்வாறு வினவினான் ஒரு சிறுவன். நாம் நடத்திக்கொண்டிருந்ததோ உத்தரமேரூர்க் கல்வெட்டுப் பற்றிய பாடம். குடவோலை முறையின் பெருமையை விளக்கி, "ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியை ஆள ஒரு வாரியம் அமைத்த நாடு இது" என்று நாம் மார்தட்டிய வேளையில் எழுந்தது அந்தக் கேள்வி. வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

முந்தைய நாள் மாலை, ஊர் ஏரியின் கலங்கலருகே தூண்டிலிட்டு அமர்ந்திருந்தான் அவன். குத்தகைக்காரரின் காவலாள் வந்தான், தூண்டிலை ஒடித்தான், பிடித்து வைத்திருந்த ஒரே விராலைப் பறித்துக்கொண்டான், "திருட்டுப் பயலே" என்று ஏசி விரட்டினான். அந்தச் சிறுவனின் பாட்டன் அதே ஏரியில் வலை வீசி வாழ்ந்தவர். தந்தையோ, அதே ஏரியில் குத்தகைக்காரருக்காக வலை இழுத்து, மாலையில் கூலி வாங்கித் திரும்பும் தொழிலாளி. பாட்டனுக்குத் தொழிலாக இருந்தது, தந்தைக்குக் கூலியாயிற்று, மகனுக்குத் திருட்டாயிற்று! மூன்று தலைமுறைக்குள் மீன் மாறவில்லை, நீர் மாறவில்லை, ஏரியும் இடம் பெயரவில்லை. மாறியது எது?

"குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டது கட்லாவும் ரோகுவும்தானே, ஐயா? விரால் தானாக வந்ததுதானே?" என்று மேலும் கேட்டான் அவன். விடை கூற இயலாது நின்றோம். பாடப் புத்தகத்தில் விடை இல்லை. ஆகவே வரலாற்றைப் புரட்டினோம். புரட்டியதில் கண்டதை இங்கே படிப்பவர் முன் வைக்கிறோம்.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. வற்றாத ஆறு இங்கே இல்லை. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கும். எனவே, பெய்யும் மழையைப் பிடித்து வைக்கக் கரை கட்டினர் நம் முன்னோர். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மதுராந்தகம் ஏரி, செங்கற்பட்டு நகரை ஒட்டி இரயில் பயணிகளின் கண்ணுக்கு விருந்தாகும் கொளவாய் ஏரி, புள்ளினங்களின் புகலிடமான வேடந்தாங்கல், சதுர்வேதிமங்கலமாக இருந்த உத்தரமேரூரின் பெரிய ஏரி - இவையெல்லாம் இயற்கை ஈந்தவை அல்ல. மண் சுமந்த தலைகளும் மண்வெட்டி பிடித்த கைகளும் ஈந்தவை.

இங்கிருந்து கிழக்கே சில கல் தொலைவு சென்றால் மாமல்லபுரக் கடற்கரை. அங்கும் மீன், அங்கும் வலை. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. கடலோரக் குப்பங்களில் வாழும் மீனவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று இருக்கிறது. எந்த வலை கூடும், எந்த வலை கூடாது, என்று கடலுக்குள் செல்லலாம், என்று செல்லலாகாது என்று கூடிப் பேசி, கட்டுப்பாடு விதித்து, மீறியவரைத் தண்டித்தும் வந்துள்ளது அது. அந்தப் பஞ்சாயத்திலும் குறைகள் உண்டு. பெண்ணுக்கு அங்கே இடம் அரிது. எனினும், கடலில் இறங்குபவன் கடலைப் பற்றிப் பேச ஒரு மன்றம் இருக்கிறது. ஏரியில் இறங்குபவனுக்கோ அதுவும் இல்லை. செம்படவர் என்று அழைக்கப்பட்ட நன்னீர் மீனவரும், வலையின்றிக் கையாலேயே சேற்றில் துழாவி மீனும் இறாலும் பிடிக்கவல்ல இருளரும் ஏரியின் இயல்பை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் அறிந்தவர்கள். ஆனால் ஏரிக்கு விதி எழுதிய எந்தக் காலத்திலும் அவர்களை எவரும் கலந்ததில்லை. இதுதான் நாம் வரலாற்றில் கண்ட செய்தி.

முதலில் உத்தரமேரூருக்கே செல்வோம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஓராண்டே பதவி. பதவியில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்! இன்றைக்குப் பதவி தேடுவோரும் பதவி தருவோரும் படித்து மனத்தில் பதிக்கவேண்டிய விதி இது. அதைப் பாராட்டத் தயங்கோம்.

ஆனால் பாராட்டிவிட்டு அடுத்த வரியையும் படிக்கவேண்டும் அல்லவா? குடத்தில் பெயர் இட யாருக்கு உரிமை? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் வேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். நிலம் குறைந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. அதுவும் வேதக் கல்வி மிகுந்தவருக்கே. வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகள் பெயரிடும் அந்த ஊரின் பெரிய ஏரியில், இடுப்பளவு நீரில் நின்று வலை விரித்தவருக்குக் கால் வேலி நிலம் ஏது? வேதம் காதில் விழுந்தாலே குற்றம் என்று சொல்லப்பட்டவருக்கு வேதக் கல்வி ஏது? ஏரியின் பெயரால் அறுவர் அமர்ந்தனர். ஏரியில் இறங்கியவர் ஒருவர்கூட அந்த அறுவரில் அமர வழியில்லை. வாரியம் இருந்தது, வரையறை இருந்தது, கணக்கு இருந்தது - வாய்ப்பு மட்டும் இல்லை!

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வரும். ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்திய பாட்டம் என்று அறிஞர் அதற்குப் பொருள் கூறுவர். இன்றும் அரசு ஆவணங்களில் 'மீன்பாசி ஏலம்', 'மீன்பாசிக் குத்தகை' என்றே எழுதுகிறார்கள். ஆயிரம் ஆண்டு கழிந்தும் பாசி என்ற சொல் ஏரியை விட்டு அகலவில்லை! அக்காலத்தில் மீன் வருவாயை ஏரியின் தூர் வாரவே ஒதுக்கிய ஊர்கள் இருந்தன. மீன் தந்த காசு மீண்டும் ஏரிக்கே சென்றது, ஏரி ஆழமாயிற்று, ஆழமான ஏரி மேலும் மீன் தந்தது. மீனவனுக்கு உரிமை தராத அந்த ஏற்பாட்டிலும், ஏரிக்கு உரியதை ஏரிக்கே தரும் அறிவு இருந்தது. அந்த அறிவையாவது நாம் காத்தோமா? இல்லை. எப்படி இழந்தோம்?

1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து குறிப்பெடுத்தார். களத்து மேட்டில் நெல் அளக்கும்போதே ஊர்ப் பொதுச் செலவுகளுக்கும் ஏரிக்கும் பங்கு ஒதுக்கும் பழைய வழக்கத்தை அக்குறிப்புகள் காட்டுகின்றன. கம்பெனியார் கண்ணுக்கு அந்தப் பங்குகள் பொதுச் சொத்தாகத் தெரியவில்லை. தமக்கு வரவேண்டிய வரியில் விழுந்த ஓட்டையாகவே தெரிந்தன. ஓட்டைகள் அடைக்கப்பட்டன, ஏரிகள் உடைந்தன.

1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அதை ஓரளவு உணர்ந்தவர். உடைந்துகொண்டிருந்த மதுராந்தகம் ஏரிக்கரையை அவர் செப்பனிடச் செய்தார். கரை நின்றது. எப்படி நின்றது? இரவிலே வில்லேந்தி வந்து இராமர் காவல் நின்றார், துரை கண்ணாரக் கண்டார் என்கிறது கதை. 'ஏரி காத்த ராமர்' என்று அவருக்குப் பெயரும் நிலைத்தது. கதையிலே கடவுளுக்கு இடம் கிடைத்தது. கலெக்டருக்கும் இடம் கிடைத்தது. கொட்டும் மழையில் கல் சுமந்து கரை மீது கொட்டிய ஆயிரமாயிரம் கூலிகளுக்குக் கதையிலும் இடமில்லை, கல்வெட்டிலும் இடமில்லை! கதையை நம்புவோர் நம்பட்டும். கரையைக் கட்டியது கைதான் என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

பின்னர் 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. கட்டாய உழைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். ஏரிக்கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்தவர்களை அழைத்து வேலை வாங்க அது அதிகாரம் தந்தது. கூலி உண்டு; ஆனால் வரமாட்டேன் என்றால் தண்டனையும் உண்டு. ஏரி உடையும்போது உழைப்பாளி யார் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது! ஏரி நிறைந்து மீன் துள்ளும்போது மட்டும் அவனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. கடமையை எழுதிய பேனா உரிமையை எழுதும்போது உலர்ந்துபோயிற்று.

அப்படியானால் மக்களே விதி கேட்டு, மக்களே காத்து, வெற்றி கண்ட ஏரி ஒன்றேனும் இல்லையா? இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் வேடந்தாங்கல்.

வேடர் தங்கிய இடம் என்பதால் வந்த பெயர் என்பர். நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும் அந்தச் சிற்றேரியில், அன்றைய வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக வந்து பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டனர். ஊரார் பொறுக்கவில்லை. கலெக்டர் பிளேசிடம் முறையிட்டனர். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் கௌல் ஒன்றை அவர் வழங்கினார். 1858-இல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. பறவைக் காப்புச் சட்டங்கள் உலகில் பலவற்றுக்கும் முன்பே, எழுதப் படிக்க அறியாத உழவர்கள் கேட்டுப் பெற்ற விதி அது!

ஏன் கேட்டனர்? இரக்கம் மட்டுமா? அன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று, விளைச்சல் பெருகிற்று. தங்கள் வாழ்வோடு பின்னிய ஒன்றைத் தாங்களே காத்தனர். காவலாளுக்குக் கூலி கொடுத்து வைத்த காவல் அன்று அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்பதன் இரகசியம் இதுவே: பயன் பெறுபவன் எவனோ அவனே காவலன், காவலன் எவனோ அவனே விதி கேட்டவன். மீனுக்கு மட்டும் இந்த நெறி ஏன் பொருந்தாது?

மீனுக்கு வந்த சட்டத்தின் கதை வேறு. இராணுவ மருத்துவராக வந்து, மீன் ஆராய்ச்சியில் புகழ் பெற்ற பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா இரண்டின் நன்னீர் மீன்வளம் குறித்து 1873-இல் ஓர் அறிக்கை அளித்தார். மிகச் சிறு கண் வலைகளும், வாய்க்காலில் வைக்கும் பறிகளும், குஞ்சுகளை வாரி அழிக்கின்றன என்று அவர் எச்சரித்தார். எச்சரிக்கை தவறன்று. ஆனால் விவரம் கேட்டது யாரிடம்? கலெக்டர்களிடமும் தாசில்தார்களிடமும்! நாற்காலியில் அமர்ந்தவரிடம் நீரைப் பற்றிக் கேட்டனர். நீரில் நின்றவரிடம் கேட்கவில்லை. சென்னை மாகாணத்து அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பாரும் மீன் காப்புக்காக வாதாடியவர். தூண்டில் போடும் துரைமார்களுக்கு அதே 1873-இல் நூலும் எழுதினார். துரை தூண்டிலிட்டால் அது விளையாட்டு. நம் மாணவன் தூண்டிலிட்டால் அது திருட்டு!

அதன் முடிவாக வந்தது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்து மீன் கொல்வது குற்றம். நஞ்சோ சுண்ணாம்போ கலந்து கொல்வது குற்றம். இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலைக்கண்ணின் அளவு, நிலையாக ஊன்றும் பொறிகள், குறித்த நீர்நிலையில் இரண்டாண்டு வரை மீன் பிடிக்கத் தடை ஆகியவை பற்றி விதி செய்ய மாகாண அரசுக்கு அதிகாரம். வெடிக்கும் நஞ்சுக்கும் தடை நல்ல தடை. இன்றும் வேண்டிய தடை. ஆனால் அந்தச் சட்டத்தில் 'செய்யாதே' உண்டு. 'உனக்கு உண்டு' என்று ஒரு சொல்லும் இல்லை.

இங்கிலாந்திலோ, மன்னன் ஜானிடமிருந்து 1215-இல் எழுதி வாங்கிய மகா சாசனத்திலே மீனுக்கும் ஓர் இடம் உண்டு. தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாடெங்கும் ஆற்றை மறித்துக் கட்டிய மீன் அணைகளை அகற்றவேண்டும் என்று அதன் 33-ஆம் பிரிவு கூறுகிறது. பொது நீரைத் தனி ஒருவன் மறிக்கலாகாது என்ற கருத்து அங்கே உரிமைச் சாசனத்தில் ஏறியது. அதே நாட்டார் இங்கே ஆண்டபோது ஏரி முழுவதையும் ஏலத்தில் ஒருவனுக்குக் கொடுக்கும் முறையை வளர்த்தனர். தம் ஊர் ஆற்றுக்கு ஒரு நீதி. நம் ஊர் ஏரிக்கு ஒரு நீதி!

1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளப் பணி அரசு முறையில் தொடங்கிற்று. அதைத் தலைமை தாங்கி நடத்தியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். இவர் யார் தெரியுமோ? உழவரைக் கடன் சுமையிலிருந்து மீட்கக் கூட்டுறவே வழி என்று 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தவர்! கூட்டுறவின் தந்தையே மீன்துறையின் தந்தையாகவும் அமைந்தார். அந்த இரு கருத்தும் ஏரிக்கரையில் மணம் செய்துகொண்டிருக்கவேண்டும். ஏலம் என்ற மூன்றாமவன் குறுக்கே நின்றான்.

1957-இல் ஒரு பெரு மாற்றம் நேர்ந்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் ஓடும் ஆற்று நீரில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரி நீரில் இனம் பெருக்கா. ஹீராலால் சௌத்ரி என்ற அறிஞர், அந்த ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அறிவியலின் அரிய வெற்றி அது. ஆற்றில் குஞ்சு தேடி அலையாமல், பண்ணையில் குஞ்சு வாங்கி ஏரியில் விடும் காலம் பிறந்தது. ஏழையின் தட்டுக்கு மீன் வந்தது. இதை வரவேற்கிறோம்.

ஆனால் அறிவியல் தந்த வரத்தோடு ஒரு வாதமும் பிறந்தது. "காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டவன் நான், ஆகவே ஏரியில் உள்ளது அனைத்தும் என்னுடையது" என்றார் குத்தகைக்காரர். விட்ட மீன் அவருடையது என்பதை மறுக்கவில்லை. முதல் போட்டவருக்குப் பயன் வேண்டும். வந்த மீன்? விராலையும் கெளுத்தியையும் குறவையையும் அயிரையையும் எவர் வாங்கி விட்டார்? கோடையில் சேற்றுக்குள் புதைந்து உயிர் காத்து, மழை வந்ததும் வாய்க்கால் வழி எதிர்நீச்சலிட்டு ஏறி, தானே இனம் பெருக்கும் மீன்கள் அவை. ஈன்ற குஞ்சுகளைக் கூட்டமாகக் கரையோரக் கோரைக்கு நடுவே வைத்து, தாயும் தந்தையும் சுற்றிக் காவல் நிற்கும் விரால். எவருடைய மூலதனமும் அதில் இல்லை. அது மழையின் கொடை, மண்ணின் உடைமை, ஆகவே ஊரின் உடைமை. நம் மாணவனின் கேள்விக்கு நாம் கண்ட முதல் விடை இது.

இன்னொரு தீங்கும் உண்டு. கெண்டைக் குஞ்சைத் தின்றுவிடும் என்பதற்காக விராலையும் வாளையையும் களையென்று கருதி அழிக்கும் பழக்கம் வளர்ந்தது. மறுபுறம், 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த திலேப்பியா, ஜிலேபி என்று இனிப்புப் பெயர் பெற்று ஏரியெங்கும் பரவியது. அதைப் பரப்பலாகாது என்று 1959-இல் அறிஞர் குழு தடை கூறியபோது காலம் கடந்துவிட்டது. இன்று, வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அதே வழியில் நுழைகிறது. குத்தகை சில ஆண்டுகளில் முடியும். அதற்குள் போட்டதை எடுக்கவேண்டும். அடுத்த ஏலம் யாருக்கோ! நாளைய ஏரியைப் பற்றி அவர் ஏன் கவலைப்படவேண்டும்? அவரைத் தனியே குறை கூறிப் பயனில்லை. அந்த முறை அவரை அப்படித்தான் ஆக்கும்.

இன்றைய ஏற்பாடு யாது? 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்புள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். மீன் உரிமை ஏலத்தில் அல்லது குத்தகையில் போகிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் எடுப்பதும் உண்டு. ஆனால் சங்கத்தின் பெயர் முன்னே நிற்க, பணம் படைத்தவர் பின்னே நிற்கும் காட்சியை ஏரிக்கரை ஊர்களில் வாழ்வோர் அறிவர். ஏலத் தொகையைக் கையில் வைத்திருப்பவன் வலை இழுப்பவனாக இருப்பதில்லை. வலை இழுப்பவன் கையில் ஏலத் தொகை இருப்பதில்லை.

விளைவு என்ன? மீன் பிடிக்க நீர் வடியவேண்டும் என்கிறார் குத்தகைக்காரர். கடைசித் தண்ணீர் நாற்றுக்கு வேண்டும் என்கிறார் உழவர். மதகருகே சண்டை மூள்கிறது. உழவனும் மீனவனும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள்; இருவரும் வேலையாட்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நகரை ஒட்டிய ஏரியிலோ சாக்கடை கலக்கிறது. கொளவாய் ஏரியின் இந்தக் குறை பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வந்த ஒன்று. மீன் செத்து மிதந்தால் குத்தகைக்காரருக்கு ஓராண்டு நட்டம். ஊருக்கோ ஏரியே நட்டம். ஏலப் பணத்தில் எவ்வளவு வந்தது, எங்கே சென்றது, ஏரிக்கு எவ்வளவு திரும்பியது என்று கேட்டால், விடை கூறும் பலகை எந்தக் கரையிலும் நம் கண்ணில் படவில்லை. பராந்தகன் காலத்தில் கணக்குக் காட்டாதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. மக்களாட்சிக் காலத்தில் கணக்குக் கேட்பவனுக்கு விடை இல்லை!

"எல்லாருக்கும் உரிமை என்றால் எவருக்கும் பொறுப்பில்லை, ஏரி பாழாகும்" என்று சிலர் கூறுவர். கவனித்துக் கேட்கவேண்டிய மறுப்புத்தான். விதியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விதியை யார் வகுப்பது என்றே கேட்கிறோம். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் பாசன வாய்க்கால்களையும் மீன்பிடி நீர்களையும் ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் எழுதினார். பயன்படுத்துவோரே கூடி விதி செய்து, தாமே கண்காணித்து, மீறியவரைப் படிப்படியாகத் தண்டிக்கும் இடங்களில் பொதுச் சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருப்பதை அவர் காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே. வேடந்தாங்கல் உழவர் செயலில் காட்டியதை அவர் ஆராய்ந்து நிறுவினார்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றும் அன்று. ஏரியை ஆளும் எந்தக் குழுவிலும், நீரைப் பயன்படுத்தும் உழவரோடு, நீரில் இறங்கும் மீனவரும் இருளரும், மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்களும் அமரவேண்டும். வலை பிடிக்கத் தெரிந்தவர்களின் உண்மையான கூட்டுறவுக்கே ஏரி செல்லவேண்டும். அதற்கான முதலை அரசு கடனாகத் தரவேண்டும். பருவ மழையில் நாட்டு மீன்கள் ஏறி முட்டையிடும் நாட்களில் வாய்க்காலில் பறி வைக்கலாகாது. குஞ்சு காக்கும் விராலைத் தொடலாகாது. இவ்விதியை அந்த மக்களே வகுத்து அவர்களே காக்கவேண்டும். மீன் வருவாயில் ஒரு பங்கு, பாசிப்பாட்டக் காலத்தைப் போல, தூர் வாருவதற்கென்றே ஏரிக்குத் திரும்பவேண்டும். வரவும் செலவும் கரையில் பலகையில் எழுதப்படவேண்டும். ஊர்ப் பிள்ளை தன் வீட்டுக் குழம்புக்காகத் தூண்டிலில் பிடிக்கும் மீன் குற்றமன்று என்று அதே பலகையில், முதல் வரியாக, எழுதவேண்டும்.

இது தானம் அன்று. உழைத்தவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன். கரை உடைந்தபோதெல்லாம் உழைத்தவன் பெயர் கல்லில் ஏறவில்லை. இன்று ஒரு தகரப் பலகையிலாவது ஏறட்டும்.

மறுநாள் வகுப்பில் அச்சிறுவனை எழுந்து நிற்கச் சொன்னோம். "நீ திருடனல்லன், மழையோடு வந்த மீன் ஊருடையது, நீயும் ஊர்தான்" என்றோம். அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம். அவனோ சற்றுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்படியென்றால், ஐயா, நேற்று அவர் எடுத்துக்கொண்டு போன விராலை யார் திருப்பிக் கொடுப்பார்?"

அந்த வினாவுக்கு விடை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நாம்தான் எழுதவேண்டும்.